லவீனா ஹெப்லரும் முத்திரை பிரிக்காத பெட்டியும்

டன்னிங் கிரீக் என்ற ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய துப்பாக்கி அகப்பட்டால் அதை முதலில் லவீனா ஹெப்லரின் சமையலறைக்குத்தான் கொண்டுவருவார்கள். லவீனா தன் அறுபத்தாறு வயதில் ஒரு தடவை கூடத் துப்பாக்கி சுட்டதில்லை. சத்தம் ஆகாது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவள் அவள். அந்தச் சத்தமே இந்தப் பிறவிக்குப் போதும் என்பாள்.

அவளிடம் வருகிறவை பெரும்பாலும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள். நூறு வருடத்துக்கு முன்னால் அணில் அடிக்கவும் தகர டப்பா அடிக்கவும் வாங்கியவை. ஒரு தோட்டா போட வேண்டும், சுட வேண்டும், வெறுங்கூட்டை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட வேண்டும். இதில் என்ன சிக்கல் என்று கேட்கலாம். இந்தத் தோட்டாக்களுக்குப் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள் சுற்றிவர இருக்கும். ஊசி விளிம்பில் குத்தினால் வெடிக்கும். வெடித்த கூடு வெடித்ததுதான், மறுபடி நிரப்ப வழியில்லை. கம்பெனிக்காரன் ஒரு அளவைச் செய்வதை நிறுத்திவிட்டால், அந்த அளவுத் துப்பாக்கி எல்லாம் அன்றோடு ஊமை. இருபத்தைந்து அளவு, அதாவது கால் அங்குலக் குழலுக்கான, விளிம்புத் தோட்டாவை இரண்டாம் உலகப் போர் நடந்தபோதே நிறுத்திவிட்டார்கள்.

போன ஆகஸ்டில் ஹார்லன் கிளிங்கர் என்ற பால்பண்ணைக்காரர் ஒரு ரைஃபிளையும், கடையில் வாங்கிய புதுத் தோட்டாப் பெட்டியையும் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார்.

"கடைக்காரன் இது சேரும்னு சொன்னான், லவீனா."

"சேரும். உன் பூட்ஸுக்குள்ள என் காலும்தான் போகும். அதைப் போட்டுக்கிட்டு நான் சர்ச்சுக்கு நடந்து போக முடியுமா?"

அவள் குழலுக்குள் துணித்திரியை அடைத்தாள். வெந்நீர்ச் சூட்டிலேயே உருகிவிடும் ஓர் உலோகக் கட்டியைக் குழம்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் இளக்கி, தோட்டா உட்காரும் அறைக்குள் ஊற்றினாள். அது இறுகியதும் மெல்லத் தட்டி எடுத்தாள். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளி அச்சு வந்தது. அதை அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது குட்டைத் தோட்டாவுக்குச் செஞ்சது. மெதுவாப் போறது. நீ வாங்கிட்டு வந்தது அதிவேகம். அதைப் போட்டுச் சுட்டா குண்டு முன்னாடி போகும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கற கட்டை பிச்சுக்கிட்டு உன் கன்னத்துக்கு வரும். உன் மூஞ்சிக்கு இருக்கற அழகே போதும்."

ஹார்லன் சிரித்துக்கொண்டே தன் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். லவீனா அலமாரியிலிருந்து மெதுவான குட்டைத் தோட்டா ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தாள். மறுவாரம் அவர் வீட்டிலிருந்து ஒரு குடம் பால் வந்தது.

எந்தத் தோட்டா என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது மீதி. லவீனா செய்தித்தாளைக் கையில் எடுத்தால் முதலில் படிப்பது இரங்கல் அறிவிப்புதான். 'வேட்டையில் பிரியமுள்ளவர்' என்று ஒரு வரி இருந்தால் போதும், பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்து ஒரு தட்டு வேகவைத்து எடுத்துக்கொண்டு துக்கம் கேட்கப் போவாள். துக்கம் உண்மையான துக்கம்தான். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள்தான் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட்டிருப்பாள். ஆனால் கிளம்பும்போது, "நிலவறையில ஏதாச்சும் காபி டப்பா கனமா இருந்தா தூக்கிப் போட்டுராதீங்க, எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லாமல் வரமாட்டாள்.

வருகிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்லும் பாடம் ஒன்றுதான். "பெட்டி மேல எழுதியிருக்கறதை நம்பாதீங்க. உள்ளே இருக்கறதை அளந்து பாருங்க." மேலே முப்பத்திரண்டு என்று போட்டிருக்கும். உள்ளே இருபத்தைந்தும், சட்டைப் பொத்தானும், யாரோ பிள்ளையின் பால்பல்லும் கிடக்கும். இந்தப் பாடத்துக்கு அவள் வைத்திருந்த ஒரே விலக்கு முத்திரை பிரிக்காத பெட்டி. கம்பெனிக்காரன் சுற்றி ஒட்டிய தாள் அப்படியே இருந்தால், உள்ளே இருப்பதும் அப்படியேதான் இருக்க வேண்டும். இதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய தோட்டா விஷயத்தில் உலகம் இரண்டு ஜாதி. ஒன்று சுடுகிறவர்கள், மற்றது பெட்டிக்காரர்கள். பெட்டிக்காரருக்கு முத்திரை பிரியாத பெட்டி சாமி, பிரித்துவிட்டால் வெறும் அட்டை. சுடுகிறவருக்கோ அது சாப்பாட்டைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டுகிற பைத்தியக்காரத்தனம். இரண்டு ஜாதியும் ஒரே கூரையின் கீழ் நாற்பத்து மூன்று வருடம் குடித்தனம் செய்த வீடு ஹெப்லர் வீடு. லவீனா பெட்டிக்காரி. அவள் கணவன் மேலன் சுடுகிறவன்.

மேலன் சுவர்த்தாள் ஒட்டுகிறவன். ஊரில் பாதி வீடுகளின் சுவரில் அவன் கை பட்டிருக்கிறது. இரண்டு தாள் எங்கே சேர்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தால் கூடத் தெரியாது. அவனிடம் இருந்தது 1903இல் செய்த, இருபத்தைந்து அளவு, ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்று. லவீனாவிடம் இருந்தது அதே இருபத்தைந்து அளவில் ஐம்பது தோட்டாக்கள் அடங்கிய ஒரு பெட்டி. இரண்டு கௌதாரிகள் படம் போட்ட பச்சைத் தாள், ஒரு கீறல் இல்லை, முத்திரை பிரியவில்லை. 1984இல், மூடப்போன ஒரு சாமான் கடையின் கடைசி இழுப்பறையிலிருந்து எடுத்தாள். அடுத்த வசந்தத்திலிருந்து, தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடக்கும் பெட்டிக் கண்காட்சியில் முதல் பரிசு நீல நாடா அந்தப் பெட்டிக்குத்தான். ஒவ்வொரு வருடமும் நடுவர்கள் அதைத் தராசில் வைத்துப் பார்ப்பார்கள், எடை கச்சிதமாக நிற்கும். காதருகே வைத்து அசைத்துப் பார்ப்பார்கள், சத்தம் வராது.

மேலனுக்கு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் திருவிழா. அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை ஊர்த் துப்பாக்கி மன்றத்தில் 'செத்த தோட்டாப் போட்டி' நடக்கும். இப்போது யாரும் செய்யாத அளவுத் தோட்டாவை, அதற்கென்றே செய்த துப்பாக்கியில் போட்டுச் சுட வேண்டும். ஐம்பது கஜம், பத்துத் தோட்டா, இலக்கின் நட்டநடுவில் பட்டால் ஒன்றுக்குப் பத்துப் புள்ளி. அந்தப் பத்தை ஒவ்வொரு வருடமும் லவீனாதான் எந்த நிலவறையிலிருந்தாவது பொறுக்கிக்கொண்டு வருவாள். கிடைக்காத வருடம் மேலன் வேடிக்கை பார்ப்பான், அடுத்த வருடம் சுடுவான். அதைப்பற்றி அவன் முகம் சுளித்ததில்லை.

ஆனால் இந்த வருடம் அப்படி விடமுடியாது. ஜூலையில் கண் டாக்டர், மேலனின் வலது கண்ணில் நடுப்பார்வை தேய்ந்துகொண்டே வருகிறது என்றார். ஓரங்களெல்லாம் தெரியும், எதை நேராகப் பார்க்கிறானோ அது மட்டும் தெரியாமல் போகும். இந்த இலையுதிர் காலத்தில் துப்பாக்கியின் குறிமுனை தட்டுப்படும். அடுத்த வருடம் நிச்சயமாக முடியாது. இடது கண் சின்ன வயதிலேயே மந்தம்.

லவீனா அன்றிலிருந்து ஓய்வே எடுக்கவில்லை. மூன்று மாவட்டத்து ஏலங்களுக்குப் போனாள். பதினாலு பேருக்குக் கடிதம் எழுதினாள். கிடைத்தது ஒன்பது தோட்டா. அவற்றில் நாலைக் களிம்பேறிப் பச்சை பிடித்திருக்கிறது என்று அவளே ஒதுக்கிவிட்டாள். மீதி ஐந்தில் சோதித்துப் பார்க்க மூன்றை மேலன் சுட்டான். மூன்றும் வெடிக்காமல் கம்மென்றிருந்தன. ஊருக்கெல்லாம் தோட்டா தேடிக் கொடுத்தவளுக்குச் சொந்தப் புருஷனுக்குப் பத்துத் தேற்ற முடியவில்லை என்பது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

போட்டிக்கு முந்தின திங்கட்கிழமை காலையில் மேலன் காபியைக் கலக்கியபடி சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னான்.

"இந்த வருஷம் போட்டி அன்னிக்கு நீ ஊருக்கு வைக்கற சூப் அண்டாவுக்கு நான் விறகு போடறேன், வீனா. உனக்கும் ஒரு ஆள் வேணுமே."

"கண்ணாடி அலமாரியில அம்பது இருக்கு, மேலன்."

மேலன் கையிலிருந்த காபி மேஜை முழுக்க ஓடியது.

"அதைத் தொடாதே. நான் சொல்றேன், தொடவே தொடாதே. அது உன் பெட்டி. இருபத்துநாலு வருஷமாப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கே. எனக்காக அதைப் பிரிச்சேன்னா எனக்குச் சோறு இறங்காது."

சொல்லும்போது அவனுக்குக் குரல் நடுங்கியது. லவீனாவுக்கு மனசு உருகிப்போய்விட்டது. இப்படி ஒரு மனுஷனா என்று இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தாள். பாத்திரம் கழுவும்போது நினைத்தாள், துணி மடிக்கும்போது நினைத்தாள். புதன்கிழமை மேலன் முடிவெட்டப் போனதும், முடிவு செய்துவிட்டாள்.

பெட்டியை எடுத்துச் சமையல் மேஜையில் வெளிச்சத்துக்கு நேராக வைத்தாள். ஒரு தரம் தடவிக் கொடுத்தாள். உள்ளே இருக்கிற ஐம்பதும் செத்துப்போயிருக்கலாம், அப்படியானால் பெட்டியும் போச்சு, போட்டியும் போச்சு. பிரித்துப் பார்க்காமல் அதைத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெண்ணெய்க் கத்தியைப் பச்சைத் தாளின் மடிப்புக்குள் விட்டாள்.

உள்ளே தோட்டா இல்லை.

இருந்தவை ஈயக் குண்டுகள், கெளுத்தி மீனுக்குத் தூண்டிலில் கட்டுகிறவை. அசையாமல் இருக்கச் சுற்றிலும் செய்தித்தாள் துண்டுகளைத் திணித்திருந்தது. அவள் ஒரு துண்டைப் பிரித்துப் பார்த்தாள். ஊர் வாரப் பத்திரிகை, அக்டோபர் 1990. அதற்குமேல் அவளுக்கு விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் பத்திரிகை வருகிற வீடு, அந்த ஈயக் குண்டு இருக்கிற வீடு, தாளை மடிப்புத் தெரியாமல் ஒட்டத் தெரிந்த கை இருக்கிற வீடு, மூன்றும் ஒரே வீடு.

முதலில் அவளுக்கு அழுகை வந்தது, உண்மையான அழுகை. அப்புறம், அந்த வருடம் மேலன் தூண்டில் குண்டு காணோம் என்று வீடு முழுக்கக் கவிழ்த்துத் தேடியது நினைவுக்கு வந்தது. அவளும் கூடவே தேடினாள், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து. அழுகையோடு கோபமும் சேர்ந்துகொண்டது.

மேலன் கழுத்தில் பவுடரோடு வந்து மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். லவீனா அவன் முன்னால் தட்டை வைத்தாள். தட்டில் ஈயக் குண்டுகள் குவிந்திருந்தன. பக்கத்தில் ஒரு முள்கரண்டியும் கைக்குட்டையும் முறையாக வைத்திருந்தாள்.

"சாப்பிடு" என்றாள்.

மேலன் தட்டைப் பார்த்தான். கண் சரியாகத் தெரியாததால் குனிந்து பார்த்தான். பிறகு குனிந்தவன் நிமிரவே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு எடுக்கலாம்னுதான் பிரிச்சேன், வீனா. துப்பாக்கி கைக்கு வந்து எட்டு வருஷம், அதுவரைக்கும் உனக்கும் உதிரி ஒண்ணும் அகப்படலே, ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. எப்படித்தான் சுடும்னு தெரிஞ்சுக்கணும்னு கை அரிச்சுது. ஆனா முத்திரை போனப்புறம் ஒண்ணு எடுத்தா என்ன, அம்பது எடுத்தா என்ன?"

"அம்பதையும் போட்டியிலயா சுட்டே?"

"போட்டியில பத்து. பழகறதுக்கு இருபது."

"மிச்சம் இருபது?"

"சந்தோஷத்துல சுட்டேன். தகர டப்பா."

"அந்த வருஷம் எத்தனாவதா வந்தே?"

"மூணாவது."

"அம்பது தோட்டாவைத் திருடிட்டு மூணாவதா?" லவீனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இரு. அந்தத் தோட்டாவை ஒஹையோவில இருக்கற ஒரு தாத்தா குடுத்தார்னு சொன்னியே. ஆர்வில்னு பேரு."

மேலன் முள்கரண்டியால் ஒரு குண்டை உருட்டினான்.

"அவருக்கு நான் கிறிஸ்துமஸுக்கு வெல்லப்பாகு பிஸ்கட் டப்பா டப்பாவா உன்கிட்ட குடுத்தனுப்பினேனே, மேலன்."

"வண்டியில வெச்சு நான்தான் சாப்பிட்டேன்."

"எத்தனை வருஷம்?"

"நாலு. அப்புறம் தாங்க முடியலே, அவர் செத்துட்டார்னு சொல்லிட்டேன்."

"நான் அழுதேனே. அந்த ஆளுக்காக சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தினேனே."

"பக்கத்துலதானே நின்னேன். எனக்கும் அழுகையா வந்துச்சு."

லவீனா சமையலுக்குக் கட்டியிருந்த மேல்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மேலனுக்குத் தெரியவில்லை, அவளுக்கும் அப்போது தெரியவில்லை. துணியை எடுத்தபோது சிரிப்புத்தான் மிஞ்சியிருந்தது, கோபமும் ஓர் ஓரமாக இருந்தது.

"பதினெட்டு வருஷமா தூண்டில் குண்டுக்கு முதல் பரிசு வாங்கிட்டிருக்கேன். எடை எப்படிச் சரியா வந்துச்சு?"

"உன் சமையல் தராசுலதான் நிறுத்தேன்" என்றான் மேலன் மிகப் பணிவாக.

அவனுக்கு அன்று உண்மையான சாப்பாடு மாலை நாலு மணிக்குத்தான் கிடைத்தது. தண்டனை அத்தோடு முடிந்தது என்று மேலன் நினைத்தான். ஆனால் லவீனாவின் மனம் வேறு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. திருடனோ நல்லவனோ, இவன் கண்ணுக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு அக்டோபர். பத்துத் தோட்டா இன்னும் கிடைக்கவில்லை. இந்த மாவட்டத்தில் அது இருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, அங்கே போய்க் கேட்பதைவிடச் சூப் அண்டாவுக்குள் குதிக்கலாம்.

அந்த இடம் கிளீட்டஸ் ஸ்னூக்கின் வீடு. தீவன ஆலை நடத்தி ஓய்ந்த கிழவர், எழுபத்தெட்டு வயது. அவரிடமும் அதே இருபத்தைந்தில் முத்திரை பிரியாத பெட்டி ஒன்று உண்டு, ஒரு மூலை மட்டும் எலி கடித்தது. இருபத்து நாலு வருடமாக அது இரண்டாம் பரிசு. ஒவ்வொரு வசந்தத்திலும் லவீனாவின் பெட்டியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உற்றுப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போய்விடுவார்.

வியாழக்கிழமை காலை லவீனா அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு கையில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம், மறு கையில் துணிப்பை, அதற்குள் பச்சைப் பெட்டி.

"கிளீட்டஸ், உங்ககிட்ட இருபத்தஞ்சுல உதிரி ஏதாவது இருக்கா? மேலனுக்குப் பத்து வேணும். கண்ணு விஷயம் உங்களுக்குத் தெரியும்."

"உன் பெட்டியிலேயே அம்பது இருக்கே. புருஷன் கண்ணைவிடவா பெட்டி பெரிசு?" கிழவருக்குக் குத்திக்காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்ததில் முகம் மலர்ந்துவிட்டது.

லவீனாவுக்கு அங்கே ஒரு பொய் சொல்ல இடம் இருந்தது. பிரித்துப் பார்த்தேன், எல்லாம் பச்சை பிடித்திருந்தது என்று சொல்லிவிட்டால் முடிந்தது, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் முப்பது வருடமாக ஊர்க்காரர்களிடம் உள்ளே இருப்பதைப் பார் என்று சொல்லிவந்த வாய் அது. அவள் பையைத் திறந்து பெட்டியை அவர் மடியில் கவிழ்த்தாள்.

கிளீட்டஸ் ஒரு ஈயக் குண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இது கெளுத்தி மீன் குண்டு."

"ஆமா."

"இதுக்கா நான் பதினெட்டு வருஷமா ரெண்டாவதா வந்தேன்?"

"ஆமா."

"யாரு? மேலனா?"

"வேற யாரு."

கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு காபி டப்பாவோடு வந்தார். அடியில் கொஞ்சம் தோட்டாக்கள் உருண்டன. எண்ணினால் சரியாகப் பத்து.

"எரியுமா எரியாதான்னு எனக்குத் தெரியாது. என் பெட்டியைக் கேக்காதே. இன்னிக்குக் காலையிலதான் அது மாவட்டத்துலயே முதல் பெட்டி ஆயிருக்கு, அதைப் போய்ப் பிரிப்பேனா?"

"கேக்கலே. இதுவே பெரிய உதவி."

"சும்மா இல்லே. உன் வீட்டு ஆள் சனிக்கிழமை ஒலிபெருக்கியில நின்னு இதை வாயைத் திறந்து சொல்லணும். ஒஹையோத் தாத்தா, பிஸ்கட் எல்லாம் சேர்த்து."

"பிஸ்கட் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணாவது வருஷம் எனக்கும் ஒரு டப்பா குடுத்தானே. ஒஹையோவுக்குப் போக வேண்டியது, தின்னு முடியலேன்னான்."

சனிக்கிழமை வெயிலும் குளிருமாக நல்ல நாளாக விடிந்தது. மன்றத்து மரங்களெல்லாம் மஞ்சள். லவீனா அவரைக்கொட்டைச் சூப்பைப் பெரிய இரும்பு அண்டாவில் கிளறிக்கொண்டிருந்தாள். மேலன் ஒலிபெருக்கி முன் நின்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கூட்டம் பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. 1990இல் நாலாவதாக வந்த ஒருத்தர் எழுந்து, அப்படியானால் மூன்றாம் இடம் தனக்கு வரவேண்டும் என்றார். கிளீட்டஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டி உரக்கப் படித்தார். தோட்டா பழையதாக இருக்க வேண்டும் என்றுதான் விதி, அது நியாயமாக வந்திருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

செத்த தோட்டாப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. விசையை இழுத்துத் தோட்டா வெடிக்காவிட்டால் உடனே துப்பாக்கியைத் திறக்கக் கூடாது, சில சமயம் தாமதமாக வெடிக்கும். குழலை இலக்குப் பக்கமே பிடித்துக்கொண்டு முப்பது எண்ண வேண்டும். சுடுகிறவர் மட்டும் எண்ணினால் ஏமாற்றிவிடுவார் என்று கூட்டமே சேர்ந்து எண்ணும். முப்பது முடிந்ததும் தோட்டாவை எடுத்து, கொஞ்சம் திருப்பிப் போட்டு, விளிம்பின் இன்னோர் இடத்தில் குத்தலாம். ஒரு இடத்தில் மருந்து செத்திருந்தாலும் வேறு இடத்தில் உயிர் இருக்கலாம். ஒரு தோட்டாவுக்கு மூன்று குத்து, அதற்குமேல் கிடையாது.

மேலன் முதல் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தான். டிக் என்றது. கூட்டம் குஷியாக முப்பது எண்ணியது. அவன் தோட்டாவை எடுத்துத் திருப்பப் பார்த்தான், முன்பு குத்திய தழும்பு கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவினான், அதிலும் பிடிபடவில்லை. லவீனா அகப்பையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். துப்பாக்கியை வேறு ஆள் தொடக் கூடாது, தோட்டாவைத் தொடலாம். அவள் தழும்பைப் பார்த்து, எதிர்ப்பக்கம் மேலே வரும்படி திருப்பி அவன் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்தாள்.

"இப்படியே போடு. திருப்பாதே."

வெடித்தது. லவீனா காதைப் பொத்திக்கொண்டாள். தொலைநோக்கியில் பார்த்து, "ஒன்பது" என்றாள்.

அப்படியே போனது. நாலு தோட்டா முதல் குத்திலேயே வெடித்தன. மற்றவற்றுக்குக் கூட்டம் எண்ணி எண்ணித் தொண்டை காய்ந்தது. ஒருத்தர் எண்ணிக்கொண்டே சூப் குடித்தார். ஒன்பது தோட்டா முடிந்தபோது மேலனுக்கு எழுபத்தொன்பது வந்திருந்தது. அதுவரை சுட்டவர்களில் முன்னால் நின்றவர் கிளீட்டஸ்தான், முப்பத்திரண்டு அளவில் எண்பத்தேழு. கடைசித் தோட்டாவில் எட்டு வந்தால் சமம், ஒன்பது வந்தால் மேலன் ஜெயித்தான்.

பத்தாவது டிக் என்றது. முப்பது எண்ணினார்கள். லவீனா தழும்பு பார்த்து வேறு பக்கம் திருப்பி வைத்தாள். மறுபடி டிக். இந்தத் தடவை எண்ணிக்கை மெதுவாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை, அது மேலனின் கடைசித் தோட்டா என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லவீனா கை நீட்டி வாங்கினாள். தோட்டாவைக் கண்ணுக்கு நேரே பிடித்து இரண்டு தழும்புக்கும் நடுவே சமமான தூரத்தைத் தேடினாள். அங்கே விளிம்பில் துரு இல்லை, நசுங்கல் இல்லை. அந்த இடம் மேலே வரும்படி வைத்து அவன் விரல்களை மூடினாள்.

"இதுதான் நல்ல இடம்."

மேலன் தலையாட்டினான். கன்னத்தைக் கட்டையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். நேராகப் பார்த்தால் குறிமுனை மறைகிறது என்று தலையைத் துளி சாய்த்து ஓரக்கண்ணால் அதைத் தேடிக்கொண்டிருந்தான். மூச்சு நின்றது. விசை பின்னால் போனது.

வெடித்தது.

கூட்டம் கைதட்டியது. மேலன் துப்பாக்கியைத் திறந்து வெறுங்கூட்டை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். எழுந்திருக்கவில்லை. முகத்தை மட்டும் லவீனா பக்கம் திருப்பினான்.

"எங்க விழுந்துச்சு?"

லவீனா தொலைநோக்கியில் குனிந்தாள். ஒரு தடவை பார்த்தாள், நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு தடவை பார்த்தாள்.

"ஆறு. இடது பக்கம் கீழே."

மேலன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான்.

"ஒன்பதுன்னு சொல்லியிருக்கலாமே, வீனா. எனக்கென்ன தெரியப்போகுது. இலக்குத் தாளைக் கொண்டு வர்ற வரைக்குமாவது ஜெயிச்சிருப்பேன்."

லவீனா அவன் உள்ளங்கையிலிருந்த வெறுங்கூட்டை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"நம்ம வீட்டுல பொய் சொல்றதுக்கு ஒரு ஆள் போதும், மேலன். எழுந்திரு, சூப் ஆறுது."